வெல்டர் ஆவது எப்படி?

வெல்டிங் பட்டறையின் நீல ஒளியை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? இனிப் பார்க்காதீர்கள்; அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள் கண்ணைப் புண்ணாக்கும். கறுப்புக் கண்ணாடி வழியே அதைப் பார்த்து வேலை செய்பவரே வெல்டர்.

எட்டாம் வகுப்புத் தேறியவர், தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டில் இத்தொழிலைக் கற்கலாம். பின்னர் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, ஆலையில் உதவித்தொகையுடன் பழகலாம்.

கடினமான பாடம் எது தெரியுமா? வெல்டிங் குச்சி உருகிக் குட்டையாகிக்கொண்டே போகும். ஆனால் குச்சியின் முனைக்கும் இரும்புக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி மாறாதிருக்க வேண்டும். குறைந்தால் குச்சி ஒட்டிக்கொள்ளும். கூடினால், குச்சியின் பூச்சு எரிந்து உண்டாகும் வாயுத்திரை கலையும். காற்று புகுந்து இணைப்பில் நுண்துளைகள் விழும். இது கைக்குப் பழகத்தான் அத்தனை மாதங்கள்!

தேர்ச்சியைச் சோதிக்க, பற்றவைத்த தகட்டில் ஒரு துண்டை வெட்டி வளைப்பார்கள். வெளியே வழவழப்பாகத் தெரிந்த இணைப்பு அப்போது பிளப்பதுண்டு. கொதிகலன் குழாயில் அப்படிப் பிளந்தால் என்ன ஆகும், எண்ணிப் பாருங்கள்!