ஓட்டுநரின் அலட்சியமும் முதலாளியின் பொறுப்பும்

சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் ஒருவரின் அலட்சியத்தால் சாலையில் ஓர் உயிர் போகும்போது, காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்கு பெரும்பாலும் அந்த ஓட்டுநரின் பெயரோடு நின்றுவிடுகிறது. இறந்தவரின் குடும்பமும் அந்தக் குற்ற வழக்கையே தனக்குக் கிடைக்கக்கூடிய நீதி முழுவதுமாக எண்ணிவிடுகிறது. குற்ற வழக்கு ஓட்டுநரைத் தண்டிப்பதற்கானது. குடும்பம் இழந்த வருமானத்தை ஈடுசெய்வது அதன் வேலையன்று. அதற்குரிய வழி 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியே இருக்கிறது. அங்கே ஓட்டுநரோடு அவரை வேலைக்கு அமர்த்தியவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

பணியாளர் தம் வேலையின் போக்கில் செய்த தவறுக்கு அவரை அமர்த்தியவரும் சேர்ந்து பொறுப்பாவதைச் சட்ட நூல்கள் பகரப் பொறுப்பு என்று குறிப்பிடும். வேலையின் ஆதாயம் யாருக்குப் போகிறதோ அதனால் விளையும் கேடும் அவரையே சேர வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஆகவே, முறையான உரிமமும் நீண்ட அனுபவமும் உள்ள ஓட்டுநரைத்தான் அமர்த்தியிருந்தோம் என்று முதலாளி காட்டினாலும் பொறுப்பு நீங்காது. அவர் தனியாக ஒரு தவறு செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தக் கொள்கையிலிருந்து அரசுக்கும் விலக்கில்லை. உதய்ப்பூர் ஆட்சியரின் பயன்பாட்டில் இருந்த ஜீப்பைப் பட்டறையிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த தற்காலிக ஓட்டுநர், 1952இல் நடைபாதையில் சென்றவர் மீது மோதி அவர் இறக்கக் காரணமானபோது, அரசின் இறையாண்மையைக் காட்டித் தப்பிக்க ராஜஸ்தான் அரசு முயன்றது. 1962இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல், வேறெந்த முதலாளியையும் போல அரசும் பொறுப்பே என்று தீர்ப்பளித்தது. நிறுவன வேலையாகக் காரில் சென்ற மேலாளர் உடன் ஏற்றிக்கொண்டவர் விபத்தில் இறந்த வழக்கில், பயணியை ஏற்றியது நிறுவன வேலையா என்பதைவிட, கார் ஓடியது நிறுவன வேலைக்காகவா என்பதே முக்கியம் என்ற முடிவுக்கு அதே நீதிமன்றம் 1977இல் வந்தது.

பொறுப்புக்கு எல்லையும் உண்டு. வாடகைக்கு ஓட்டுவதற்காக ஒப்படைக்கப்பட்ட காரை, உரிமத் தேர்வுக்குப் போக மற்றொருவரிடம் ஓட்டுநர் கொடுத்து, அவர் விபத்து ஏற்படுத்தியபோது, அது உரிமையாளரின் வேலை அன்று என்று 1966இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர்.

இன்றைக்கு அதிகம் உதவக்கூடியது 1997இல் ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிராக வந்த தீர்ப்பு. பேருந்தும் ஓட்டுநரும் தனியாருடையவை என்றாலும், வழித்தடம், கட்டணம், நடத்துநர் ஆகியவை கழகத்தின் கையில் இருந்ததால், ஓட்டுநர் அந்த நேரத்தில் கழகத்தின் கட்டுப்பாட்டில் இருந்தவராகவே கொள்ளப்பட்டார். ஒப்பந்த வண்டிகளும் ஆள் வழங்கும் முகமைகளும் பெருகிவிட்ட காலத்தில், "அவர் எங்கள் ஊழியரல்லர்" என்ற ஒற்றை வரி பதிலைக் கேட்டு ஒதுங்கிவிட வேண்டியதில்லை. நியமன ஆணை இல்லாமல் ஓட்டுநர்களை வைத்துக்கொள்வதே லாரித் தொழிலில் வழக்கம். ஆனால் பதிவுச் சான்றில் உரிமையாளராக இருப்பவரை அது காப்பாற்றாது. யாருடைய சரக்கோடு யாருக்காக வண்டி ஓடியது என்பதை டிரிப் ஷீட்டும் மின்வழிச் சீட்டும் ஃபாஸ்டேக் பதிவும் காட்டிக்கொடுத்துவிடும்.

குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும் இழப்பீட்டு வழக்கு அத்தோடு முடிந்துவிடாது. இரவில் பேருந்து ஒன்று தாழ்வாகத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டுப் பலர் மாண்ட தமிழ்நாட்டு வழக்கில், ஓட்டுநர் குற்றவாளி அல்லர் என்று விடுவிக்கப்பட்ட பின்னும் தீர்ப்பாயம் பேருந்து நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. 1980இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிப்பது குற்ற வழக்கின் அளவுகோல். இழப்பீட்டுக்கு, இப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்று காட்டினால் போதும்.

காரியம் முடிவதற்குள் கையில் கொஞ்சம் பணத்தைத் திணித்து, "இனி எந்த உரிமையும் கோரமாட்டோம்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் சமரசங்களே குடும்பங்களுக்குப் பெரிய ஆபத்து. 2009, 2017ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வகுத்த கணக்கைப் போட்டுப் பார்த்தால் இழக்கப்போவது எவ்வளவு என்பது விளங்கும். நிரந்தரமற்ற வேலையில் மாதம் 20,000 ரூபாய் ஊதியம் பெற்ற, மனைவியும் இரு குழந்தைகளும் உள்ள 35 வயதுக்காரர் இறந்தால், வருங்கால உயர்வாக 40 சதவீதம் கூட்டி, அவரது சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, ஆண்டுத் தொகையை வயதுக்குரிய பெருக்கெண்ணான 16ஆல் பெருக்கும்போது 35,84,000 ரூபாய் வருகிறது. துணையிழப்பு, இறுதிச் சடங்கு முதலியவற்றுக்கான தொகைகள் தனி. அலட்சியத்தை நிரூபிக்க இயலாத நிலையிலும் 164ஆம் பிரிவின்படி இறப்புக்கு 5 லட்சம் ரூபாய் கேட்கலாம்.

மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம் என்பதால் நடைமுறையில் பணத்தைச் செலுத்துவது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே. ஆயினும் உரிமம் இல்லாதவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு இதனால் நிம்மதி இல்லை. 2004ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் தீர்ப்பின்படி, தீர்ப்பாயம் முதலில் குடும்பத்துக்குப் பணம் தரச் செய்து, பிறகு அதை அந்த உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுமதி அளிக்கலாம். காப்பீடு காலாவதியாகியிருந்தால் முழுத் தொகையும் முதலாளியின் தலையில் விழும்.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. குடும்பம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் காலவரம்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது; அது செல்லுமா என்பது உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருந்தாலும், அதை நம்பித் தாமதிப்பது அறிவுடைமை ஆகாது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாகன ஆய்வாளரின் அறிக்கை, வாரிசுச் சான்றிதழ், ஊதியச் சான்று ஆகியவற்றை அதற்குள் திரட்டிவிட வேண்டும்.

தீர்ப்பு கிடைத்தாலும் பணம் உடனே வந்துவிடுவதில்லை. உரிய நிதியை ஒதுக்கி வைக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்கச் சட்டம் இடம் தருவதால், அத்தகைய கழகம் தன் கையிலிருந்தே கொடுக்க வேண்டியிருக்கிறது. அது இழுத்தடிக்கும்போது குடும்பத்தினர் நிறைவேற்று மனு போட, நீதிமன்ற ஊழியர்கள் பேருந்து நிலையத்துக்கே வந்து பேருந்தை ஜப்தி செய்வது தமிழ்நாட்டில் அடிக்கடி வரும் செய்தி. தனியார் முதலாளியானால், 174ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்திடம் சான்றிதழ் பெற்று, நிலவரி பாக்கியைப் போலவே அத்தொகையை மாவட்ட ஆட்சியர் மூலம் வசூலிக்கச் செய்யலாம்.