முதல் சம்பளம் வரும் வரை: ஒரு சிகாகோ மாணவரின் வரவு செலவு

அமெரிக்காவில் 2024-25 கல்வியாண்டில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் 11,77,766 பேர். அவர்களில் இந்தியர் 3,63,019 பேர், அதாவது 30.8 சதவீதம். 2019-20-இல் இந்தியர் எண்ணிக்கை 1,93,124-ஆக இருந்தது. ஐந்தே ஆண்டுகளில் 88 சதவீத உயர்வு. அதே காலத்தில் சீன மாணவர்கள் 3,72,532-லிருந்து 2,65,919-ஆகக் குறைந்தனர். ஓப்பன் டோர்ஸ் ஆண்டறிக்கை தரும் எண்கள் இவை.

இந்த 3,63,019 பேரும் வகுப்பறையில் இருப்பவர்கள் அல்லர். 1,43,740 பேர் படிப்பை முடித்து, ஓபிடி எனப்படும் செயல்முறைப் பயிற்சி அனுமதியில் வேலை பார்ப்பவர்கள். முதுநிலையும் ஆய்வும் படிப்போர் 1,77,892 பேர். முந்தைய ஆண்டில் அவர்கள் 1,96,567 பேர். மொத்தம் ஏறியபோதும் முதுநிலையும் ஆய்வும் படிப்பவர் எண்ணிக்கை 9.5 சதவீதம் இறங்கியிருக்கிறது. புறப்படுவோர் தயங்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று இதை ஓரளவு எச்சரிக்கையுடன் வாசிக்கலாம். காரணங்கள் பல இருக்கும். இங்கே பார்ப்பது செலவை மட்டும்.

செலவு விமானம் ஏறுமுன்பே தொடங்கிவிடுகிறது. 2019 ஜூன் நடுப்பகுதி வரை மாணவர் பதிவுக் கட்டணம் 200 டாலர், விசா கட்டணம் 160 டாலர், ஆக 360 டாலர். பதிவுக் கட்டணம் அந்த மாதமே 350 டாலரானது. விசா கட்டணம் 2023 ஜூனில் 185 டாலரானது. இப்போது இரண்டும் சேர்ந்து 535 டாலர். டாலரில் உயர்வு 49 சதவீதம். டாலர் 70 ரூபாயாக இருந்தபோது 360 டாலர் என்பது 25,200 ரூபாய். 90 ரூபாயில் 535 டாலர் என்பது 48,150 ரூபாய். ரூபாயில் உயர்வு 91 சதவீதம். சம்பளத்தை ரூபாயில் வாங்கும் குடும்பத்துக்கு இரண்டாவது சதவீதமே உண்மையான சதவீதம்.

கல்விக் கட்டணத்திலும் இதே நிலைதான். நான்கு பருவங்களுக்கு, பருவத்துக்கு 12,500 டாலர் வீதம் 50,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டில் டாலர் ஏறத்தாழ 84 ரூபாய். 2025 டிசம்பரில் அது முதன்முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. முதல் பருவத்துக்கு 10.50 லட்சம் ரூபாய் கட்டியவர், கட்டணம் ஒரு டாலர்கூட ஏறாவிட்டாலும், நான்காம் பருவத்துக்கு 11.25 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். வங்கி கடனை அனுமதித்தது ரூபாயில். கூடுதல் 75,000 ரூபாயை வீட்டிலிருந்துதான் புரட்ட வேண்டும்.

இனி நகரம். மாநில வரிசையில் இல்லினாய் ஐந்தாவது இடத்தில் உள்ளது. 2023-24-இல் அங்கே 62,299 வெளிநாட்டு மாணவர்கள் இருந்தனர். அதன் பெருநகரம் சிகாகோ. ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு ப்ளூ லைன் ரயில் உண்டு. வழக்கமான ரயில் கட்டணம் 2.50 டாலராக இருந்த 2025-இல், ஓஹேரில் ஏறுபவருக்கு மட்டும் 5 டாலர். 30 நாள் பாஸ் 75 டாலர். 30 முறை ரயிலேறினால் பாஸின் விலை ஈடாகிவிடும். மாதம் 22 நாள் போய் வந்தால் 44 பயணம், தனித்தனியே எடுத்தால் 110 டாலர். முழுநேர மாணவருக்கான பாஸைப் பல கல்லூரிகள் பருவக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன. அப்படியென்றால் தனிப் பாஸ் வாங்க வேண்டியதில்லை.

ஊரிலிருந்து விமானத்தில் கொண்டுபோக வழக்கமாகக் கிடைப்பது பெட்டிக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி, மொத்தம் 46 கிலோ. இந்த எடைக்குள் எதை வைப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. குக்கர் அங்குள்ள கேஸ் அடுப்பிலும் மின்சுருள் அடுப்பிலும் வேலை செய்யும், அதற்கு இடம் கொடுக்கலாம். மின்சாரச் சாமான் வேறு விஷயம். நம் ஊர் மின்னழுத்தம் 230 வோல்ட், அங்கே 120 வோல்ட். வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இங்கே 1,500 வாட் தரும் வெந்நீர்க் கெட்டில் அங்கே 27 சதவீதம், அதாவது 408 வாட் மட்டுமே தரும். 20 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் இங்கே 4 நிமிடத்துக்குள் கொதிக்கும். அங்கே வெப்ப இழப்பைச் சேர்க்காமலே 14 நிமிடம் ஆகும். மிக்ஸியும் அதன் இயல்பான வேகத்தில் சுற்றாது. அந்த எடைக்குத் துணியோ மருந்தோ வைப்பது மேல்.

தங்குமிடம்தான் புதிதாக வருபவரின் கையை முதலில் கடிக்கும். வீட்டுக்காரர்கள் வாடகையைப் போல் மூன்று மடங்கு மாத வருமானமும், நல்ல கடன் மதிப்பெண்ணும் கேட்பது வழக்கம். கடன் மதிப்பெண் 300 முதல் 850 வரை. அது உருவாகவே குறைந்தது 6 மாதக் கணக்கு வரலாறு வேண்டும். வந்து இறங்கிய மாணவருக்கு வருமானம் பூஜ்யம், வரலாறு பூஜ்யம். ஆகவே கூடுதல் அட்வான்ஸ், உள்ளூரில் ஜாமீன் நிற்க ஓர் ஆள், அல்லது ஏற்கெனவே ஒப்பந்தம் போட்ட மூத்த மாணவரின் வீட்டில் ஒரு பங்கு என வழிகள் சுருங்குகின்றன. மூன்றாவது வழியில் போகிறவர்கள்தான் அதிகம்.

அட்வான்ஸ் பற்றி சிகாகோ நகரச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. வீட்டுக்காரர் அதற்கு வட்டி தர வேண்டும். காலி செய்த 45 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறினால் இரு மடங்கு வரை கேட்கலாம். உரிமையாளரும் குடியிருக்கும், 6 அல்லது அதற்குக் குறைந்த குடித்தனங்கள் கொண்ட கட்டடத்துக்கு இது பொருந்தாது. வட்டி விகிதம் பல ஆண்டுகளாக 0.01 சதவீதம். 500 டாலருக்கு ஆண்டுக்கு 5 சென்ட். பணமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் ரசீது கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது.

வெப்பத்துக்கும் சட்டம் உண்டு. வீட்டுக்காரரே வெப்பமூட்டும் வீடுகளில் செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை பகலில் 68 டிகிரி பாரன்ஹீட், இரவில் 66 டிகிரி பாரன்ஹீட் இருக்க வேண்டும். இரவு அளவை செல்சியஸில் சொன்னால் 18.9 டிகிரி. சென்னையின் ஜனவரி இரவு சராசரியாகச் சுமார் 21 டிகிரி செல்சியஸ். சிகாகோ சட்டம் போதும் என்று சொல்லும் அறை, சென்னையின் மிகக் குளிர்ந்த மாதத்து இரவைவிடக் குளிரானது. வெளியே 2019 ஜனவரி 30 அன்று மைனஸ் 30.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. கம்பளிக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைக்க வழியில்லை.

சாப்பாட்டில் முதல் அலகு அரிசி மூட்டை. 20 பவுண்டு மூட்டை என்பது 9.07 கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 250 கிராம் என்றால் நான்கு பேருக்கு 9 நாள். 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது, சோனா மசூரியைத் தேடி அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் வரிசை நின்றது. 2024 செப்டம்பர் 28 வரை தடை நீடித்தது. சிகாகோவின் டெவன் அவென்யூவில் 1974-இல் பட்டேல் பிரதர்ஸ் தன் முதல் கடையைத் திறந்தது. இந்திய மளிகைக்கு அந்தத் தெருவே இன்றும் முதல் விலாசம்.

இனி மாதிரிக் கணக்கு. கீழ்வரும் தொகைகள் என் மதிப்பீடு. பகுதியும் பழக்கமும் மாறினால் அவையும் மாறும். 2,000 டாலர் வாடகை வீட்டில் நான்கு பேர், ஆளுக்கு 500 டாலர். அட்வான்ஸ் 500 டாலர். மின்சாரம், இணையம் 60 டாலர். மளிகை 200 டாலர். போன் 30 டாலர். மெத்தை, பாத்திரம், குளிர்கோட்டு, காலணி 400 டாலர். கடைசியாகச் சொன்ன 400 டாலர் பொருட்களுக்கு விற்பனை வரி உண்டு. சிகாகோவில் 2025-இல் அது 10.25 சதவீதம். நம் ஊரில் விலைச்சீட்டிலேயே வரி அடங்கியிருக்கும், அங்கே பில் போடும்போதுதான் சேரும். ஆக 441 டாலர். முதல் மாதம் 1,731 டாலர். அடுத்த மாதங்கள் தலா 790 டாலர். மூன்று மாதத்துக்கு 3,311 டாலர், 90 ரூபாய் வீதம் 2.98 லட்சம் ரூபாய். கல்விக் கட்டணமும், பெரும்பாலும் அதனுடனே வரும் மருத்துவக் காப்பீடும் இதில் இல்லை.

இந்த மூன்று மாதங்களில் வருமானம் என்ன? எஃப்-1 விசா மாணவர் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வளாகத்துக்குள் வேலை செய்யலாம், அதற்கு மேல் கூடாது. சம்பளக் கணக்குக்குச் சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும். வேலை உறுதியான பின்பே அதற்கு விண்ணப்பிக்கலாம், வந்து சேர்ந்து 10 நாள் பொறுப்பது நல்லது. அட்டை வர 14 நாள், இரு வாரச் சம்பளச் சுற்று 14 நாள் என்று கொண்டால் மொத்தம் 38 நாள். இறங்கிய அன்றே வேலை கிடைத்தவருக்கான கணக்கு இது. செப்டம்பர் கடைசியில் வேலை கிடைப்பவருக்கு முதல் சம்பளம் தீபாவளியை ஒட்டித்தான்.

இல்லினாயில் 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். வளாக வேலைக்கும் அதையே கொள்வோம். வாரம் 300 டாலர். 16 வாரங்கள் கொண்ட இரண்டு பருவங்களுக்கு 9,600 டாலர். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தம் 7.65 சதவீதம், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மாணவருக்குக் கிடையாது. மிச்சம் 734 டாலர். தவறிப் பிடித்திருந்தால் திரும்பக் கேட்டு வாங்கலாம். மத்திய வருமான வரியில், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின்படி நிலைக் கழிவு பெறும் உரிமை இந்திய மாணவருக்கு உண்டு. 2024-லேயே அது 14,600 டாலர் என்பதால் 9,600 டாலருக்கு வரி இல்லை. இந்த உரிமை இல்லாத நாட்டு மாணவர் ஏறத்தாழ 10 சதவீதம், 960 டாலர் கட்ட நேரும். மாநில வரி 4.95 சதவீதம், அதிகபட்சம் 475 டாலர். கையில் நிற்பது 9,125 டாலர்.

ஆண்டுச் செலவு, மாதம் 790 டாலர் வீதம், 9,480 டாலர். ஒரு வாரம்கூட விடாமல் முழு 20 மணி நேரம் உழைத்தவருக்கும் வாய்க்கும் வயிற்றுக்குமே 355 டாலர் குறைகிறது. கல்விக் கட்டணத்துக்கு அதிலிருந்து ஒரு சென்ட் போகாது. கிடைத்தது 10 மணி நேர வேலைதான் என்றால் 4,800 டாலர், செலவில் பாதி. டெக்சாஸில் குறைந்தபட்சக் கூலி இன்னும் மத்திய அரசின் 7.25 டாலர்தான், 2009 ஜூலை முதல் மாறவில்லை. அங்கே மாநில வருமான வரி இல்லை, ஆனாலும் முழு 20 மணி நேரத்துக்கும் ஆண்டுக்கு 4,640 டாலரே வரும்.

இந்தப் பள்ளத்தை நிரப்ப வெளியே பெட்ரோல் பங்கிலோ ஓட்டலிலோ ரொக்கக் கூலிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. அனுமதி இல்லாத வேலை மாணவர் தகுதியையே பறித்துவிடும். சில நூறு டாலருக்காகப் பணயம் வைப்பது 40 லட்சம் ரூபாய்க் கடனை.

அந்தக் கடனின் கணக்கும் இதுதான்: 10 சதவீத வட்டியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 10 லட்சமாக நான்கு தவணை எடுத்து, படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துக் கட்டத் தொடங்கினால், அதற்குள் தனி வட்டி மட்டும் 9 லட்சம் ரூபாய். 49 லட்சம் ரூபாய்க்கு 15 ஆண்டு மாதத் தவணை சுமார் 52,650 ரூபாய். ஓபிடியில் 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம், ஆக 36 மாதம் வேலை செய்யலாம். முதல் 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் வேலையின்றி இருக்க முடியாது.

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கடன் விண்ணப்பத்துக்குக் கணக்குப் போடும்போது பகுதி நேரச் சம்பளம் என்ற வரியில் பூஜ்யம் எழுதுங்கள். கல்விக் கட்டணம் போக 3,300 டாலரைத் தனியே எடுத்து, பிள்ளை விமானம் ஏறுமுன் அவர் பெயரில் கொடுத்து அனுப்புங்கள். அந்தத் தொகையைப் புரட்ட முடியாவிட்டால், சேர்க்கையை ஒரு பருவம் தள்ளிவைக்கப் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள்.