சித்தியின் மார்ஜின் வேறு, தம்பியின் மார்ஜின் வேறு!

சேலத்தில் இருக்கும் என் சித்தி, வீட்டிலிருந்தபடியே சேலை வியாபாரம் செய்கிறார். இளம்பிள்ளைக்குப் போய் மொத்தமாக எடுத்து வந்து, ஒவ்வொன்றாகப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இலையில் பரிமாறும்போதே முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"தம்பி ஷேர் மார்க்கெட்ல இறங்கியிருக்கான் கண்ணு. ரெண்டு லட்சம் மார்ஜினாம்! நான் ஒரு சேலைக்கு முந்நூறு ரூவா மார்ஜின் பார்க்கறதுக்குள்ள நாக்குத் தள்ளுது."

எதிரே தம்பி தலை நிமிராமல் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். அந்த ரெண்டு லட்சம் அவன் சம்பாதித்தது இல்லை. ஃப்யூச்சர்ஸ் வாங்குவதற்காகப் புரோக்கர் கணக்கில் கட்டிவைத்தது. அதுவும் சித்தியின் ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்ந்து வந்த பணம். பையன் பொய் சொல்லவில்லை. "மார்ஜின் ரெண்டு லட்சம்மா" என்றுதான் சொல்லியிருக்கிறான். சித்தி அதைத் தன் கடை பாஷையில் புரிந்துகொண்டார், அவ்வளவுதான்.

பள்ளிக்கூட நோட்டில் ஓரமாகக் கோடு போட்டு விடுவோமே, அதே மார்ஜின்தான் இது. ஓரத்தில் விடும் இடம். பண விவகாரத்துக்கு வரும்போது, அந்த இடம் யாருக்காக விடப்படுகிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கடையில் அது நமக்காக. வங்கியில் அது வங்கிக்காக. பங்குச் சந்தையில் அது எதிர்ப்பக்கம் இருப்பவருக்காக.

கடைக் கணக்கிலேயே ஒரு குழி இருக்கிறது. சித்தி 600 ரூபாய்க்கு எடுக்கும் சேலையை 900-க்கு விற்கிறார். "அம்பது பர்சென்ட் வச்சு விக்கறேன்" என்பார். வாங்கிய விலை மீது பார்த்தால் அது சரி. 600-ல் பாதி 300. ஆனால் கணக்குப்பிள்ளைகள் மார்ஜின் என்று சொல்வது விற்ற விலையில் எத்தனை பங்கு மிஞ்சியது என்பதை. 900-ல் 300 என்றால் 33 சதவிகிதம்தான். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆடி மாதம் வந்தால் தெரியும். "நமக்குத்தான் அம்பது நிக்குதே, நாற்பது தள்ளுபடி குடுத்தாலும் பத்து மிஞ்சுமே" என்று ஒருவர் நினைத்தால் என்ன ஆகும்? 900-ல் 40 சதவிகிதம் 360. சேலை 540-க்குப் போகும். வாங்கியதே 600! ஒவ்வொரு சேலைக்கும் கையிலிருந்து 60 ரூபாய் கொடுத்து விற்றதாக ஆகும். சித்தி ஒரு ஆடியில் இதைச் செய்திருக்கிறார். சரக்கெல்லாம் நான்கே நாளில் தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டு, மாசக் கடைசியில்தான் முழித்தார்.

அந்த 300-ம் முழுசாக நிற்பதில்லை. கூரியர், கவர், போய்வரும் பஸ் செலவு, "கலர் போட்டோல வேற மாதிரி இருந்துச்சு" என்று திரும்பி வரும் சேலை எல்லாம் போக சித்தி கையில் நிற்பது சுமார் 180. முதலில் சொன்னது மொத்த மார்ஜின், இது நிகர மார்ஜின். கம்பெனிகளின் காலாண்டு அறிக்கையில் வரும் இரண்டு மார்ஜின்களும் அடிப்படையில் இதே கதைதான், கூரியருக்குப் பதில் சம்பளம், வாடகை, வட்டி, வரி.

வங்கியில் கேட்டால்...

வீட்டுக் கடனுக்குப் போனால் மேலாளர் முதலில் கேட்பது, "மார்ஜின் எவ்வளவு வச்சிருக்கீங்க?" இங்கே மார்ஜின் என்பது நாம் கைக்காசாகப் போட வேண்டிய பங்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவிகிதம் வரை தரலாம். அதற்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவிகிதம். அதையும் தாண்டினால் 75. ஐம்பது லட்ச ரூபாய் பழைய வீடு ஒன்றை வாங்கினால் 40 லட்சம் கடன், 10 லட்சம் நம்முடையது.

பலர் அந்தப் பத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வீட்டுக்கு 9 சதவிகிதம் அளவுக்கு வரும். பத்திரத்தில் முழு விலையும் காட்டினால் அதுவே நாலரை லட்சம். வீட்டு மதிப்பைக் கணக்கிடும்போது வங்கி இதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. பத்து லட்சத்துக்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டும்தான் விலக்கு. இதற்கு மேல் வங்கி அனுப்பும் என்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு "46 லட்சம்தான் மதிப்பு" என்று எழுதிவிட்டால், கடன் 36 லட்சத்து 80 ஆயிரமாக இறங்கும். நம் கைக்காசு 10-ல் ஆரம்பித்து 17 லட்சத்தைத் தாண்டிவிடும். அட்வான்ஸ் கொடுத்துவிட்ட பிறகு இது தெரிந்தால், மிச்சத்துக்குப் பர்சனல் லோனைத் தேடி ஓடுவார்கள். மார்ஜினையே கடன் வாங்கிக் கட்டினால், வங்கி எதற்காக அந்த இடத்தை விடச் சொன்னதோ அதுவே இல்லாமல் போகிறது என்பது என் அபிப்பிராயம்.

நகைக் கடனிலும் இதே தத்துவம்தான். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள் இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவிகிதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்று வரம்பு வைத்திருக்கின்றன. செய்கூலிக்கும் கல்லுக்கும் மதிப்புக் கிடையாது. தங்கம் விலை இறங்கினாலும் கடன் கொடுத்தவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக விடப்பட்ட ஓரம் அது.

சந்தையில் கட்டும் மார்ஜின்

இப்போது தம்பிக்கு வருவோம். அவன் எடுத்தது ஒரு இண்டெக்ஸ் ஃப்யூச்சர். அதன் மொத்த மதிப்பு சுமார் 15 லட்சம். கையில் கட்டியது 2 லட்சம். "ரெண்டு லட்சத்துக்கு வாங்கியிருக்கேன்" என்று அவன் சொன்னான். வாங்கியது 15 லட்சத்துக்கு. 2 லட்சம் அதன் விலையும் இல்லை, முன்பணமும் இல்லை. நஷ்டம் வந்தால் எடுத்துக்கொள்ள வைத்த பிணைத்தொகை. இண்டெக்ஸ் 4 சதவிகிதம் இறங்கினால் செய்தியில் "சிறு சரிவு" என்பார்கள். அவனுக்கு அது 60,000 ரூபாய், கட்டியதில் 30 சதவிகிதம். அன்றன்றைக்கு மாலையே கணக்குத் தீர்த்து, நஷ்டத்தை எடுத்துக்கொள்வார்கள். குறைந்த தொகையை நிரப்பச் சொல்லி வரும் தகவலுக்குப் பெயர்தான் மார்ஜின் கால். நிரப்பாவிட்டால் புரோக்கரே விற்றுவிடுவார், நம்மைக் கேட்க வேண்டியதில்லை.

2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவிகிதம் விழுந்தது. 15 லட்சத்தில் 13 சதவிகிதம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். 1,95,000.

"போனால் கட்டிய மார்ஜின்தானே போகும்" என்று இன்னொரு நம்பிக்கையும் இருக்கிறது. அதற்குப் பதில் அதே வருடம் ஏப்ரல் 20-ல் கிடைத்தது. கொரோனா ஊரடங்கால் எம்.சி.எக்ஸ். சந்தை அன்று மாலை 5 மணிக்கே மூடிவிட்டது. அப்போது கச்சா எண்ணெய் பீப்பாய் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. இரவில் அமெரிக்காவில் விலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி மைனஸ் 37 டாலரைத் தாண்டியது. நம் ஊரில் அந்த ஒப்பந்தத்தின் கணக்கை மைனஸ் 2,884 ரூபாய்க்குத் தீர்த்தார்கள். ஒரு லாட் என்பது 100 பீப்பாய். வாங்கிவைத்திருந்தவர்களுக்கு, சந்தை மூடிய பிறகு மட்டும் லாட்டுக்கு மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் நஷ்டம். கட்டிய மார்ஜின் அதற்கு எந்த மூலைக்கு? மிச்சத்தையும் கட்டத்தான் வேண்டும்.

ஆப்ஷன் வாங்குபவருக்கு இது பொருந்தாது. அவர் கொடுப்பது பிரீமியம், போனால் அதோடு போயிற்று. மார்ஜின் கட்டுவது ஆப்ஷன் விற்பவர். ஆனாலும் இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தால் நிலவரம் நன்றாக இல்லை. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்த செபி, ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர் எஃப் அண்ட் ஓ வியாபாரிகளில் 93 சதவிகிதம் பேர் நஷ்டப்பட்டதாகச் சொன்னது. ஆளுக்குச் சராசரியாக இரண்டு லட்சம் ரூபாய்.

வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். உங்கள் பெயரில் உள்ள டீமேட் கணக்கை வேறு யாராவது இயக்கிக்கொண்டிருந்து, 'மார்ஜின் ப்ளெட்ஜ்' என்று ஒரு எஸ்.எம்.எஸ். வந்து, ஓ.டி.பி. கேட்டால், அது பங்குகளை அடகு வைக்க உங்கள் சம்மதத்தைக் கேட்பது. லாபம் வரவாகிறது என்று அர்த்தம் இல்லை.

சித்தி வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லவில்லையே. அந்த ஞாயிறு போய் இரண்டு வாரத்தில் சந்தை 4 சதவிகிதம் இறங்கி, தம்பிக்குத் தகவல் வந்தது. அம்மாவிடம் 60,000 கேட்டான். "எதுக்கு?" என்றதற்கு, "மார்ஜின் கட்டணும்."

சித்தி எனக்கு போன் செய்தார். "கண்ணு, மார்ஜின்னா நமக்கு வர்றதுதானே? நம்மள எதுக்குக் கட்டச் சொல்றாங்க?"

அன்றைக்குத்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சித்தி பணம் கொடுக்கவில்லை. மறுநாள் சந்தை இன்னும் 2 சதவிகிதம் இறங்க, புரோக்கர் விற்று முடித்துவிட்டார். நஷ்டம் 90,000. மிச்சம் 1,10,000 திரும்பி வந்தது. தம்பி ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. சித்தி அவனைத் திட்டவில்லை. சேலைக் கணக்கு நோட்டை எடுத்து, 90,000-ஐ 180-ஆல் வகுத்து, வந்த விடையை அவனுக்குக் காட்டினார். 500 சேலை.

ஆடிக்குச் சரக்கெடுக்க இந்த வாரம் இளம்பிள்ளை போகிறார்கள். வண்டி ஓட்டுவது தம்பிதான். தள்ளுபடி விலையையும் அவனே போட்டுக்கொடுத்திருக்கிறான். 900 ரூபாய் சேலை 790.