கேட்டதற்கெல்லாம் விடை சொன்ன விளையாட்டு எழுத்தாளர்

செய்தித்தாளை விரித்ததும் நம் பிள்ளைகள் முதலில் தேடுவது விளையாட்டுப் பக்கத்தையே. பெற்றோருக்கோ அப்பக்கத்தின்மீது அத்துணை மதிப்பில்லை. “பந்தாட்டம் சோறு போடுமா?” என்று கேட்டுப் பாடநூலை எடுத்துக் கொடுப்போர் நம்மில் பலர். விளையாட்டு வேறு, கல்வி வேறு என்பது நம் உள்ளத்தில் வேரூன்றிவிட்ட எண்ணம். இவ்வெண்ணத்தைத் தம் வாழ்வினாலேயே பொய்யாக்கிக் காட்டிய ஒருவரை இத்திங்கள் நம் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம். அமெரிக்க நாட்டின் ஜான் கீரன் என்பாரே அவர்.

கீரன் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், நியூயார்க் நகரில், அயர்லாந்து வழிவந்த குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் கல்வித் துறையில் உயர்ந்து, அந்நகரின் ஹண்டர் கல்லூரித் தலைவராக விளங்கியவர். மகன், இயேசு சபைக் குருக்கள் நடத்திய ஃபோர்டாம் கல்லூரியில் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற இளைஞர் நேரே நகரத்து அலுவலகம் எதையும் நாடவில்லை. நாட்டுப்புறம் சென்று கோழிப்பண்ணை வைத்தார். ஓரறைப் பள்ளியொன்றில் சிறார்க்குப் பாடமும் சொன்னார். பறவைகளையும் மரம் செடிகளையும் உற்றுநோக்கும் பழக்கம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் துணையாயிற்று.

1915-இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் விளையாட்டுப் பகுதியில் அவருக்கு வேலை கிடைத்தது. முதல் உலகப்போரின்போது, பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து பிரான்சு நாட்டில் பணியாற்றினார். போருக்குப் பின் வேறு இதழ்கள் சிலவற்றிலும் எழுதிவிட்டு, மீண்டும் ‘டைம்ஸ்’ இதழுக்கே திரும்பினார். 1927 முதல் நாள்தோறும் தம் பெயரிட்டு ஒரு பத்தி எழுதலானார். எழுதியவர் பெயரை அரிதாகவே அச்சிட்ட அவ்விதழில் இது பெருஞ்சிறப்பு.

பேஸ்பால், குத்துச்சண்டை, டென்னிஸ் என எதை எழுதினாலும் அவர்தம் எழுத்தில் நகைச்சுவை மிளிரும். இடையிடையே அவரே புனைந்த பாடல்களும் வரும். டென்னிஸ் உலகில் இன்று எல்லோரும் வழங்கும் ‘கிராண்ட் ஸ்லாம்’ என்னும் சொல்லாட்சியைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் அவரே என்பர். 1933-இல் ஆஸ்திரேலிய வீரர் ஜாக் கிராஃபர்டு ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன் பட்டங்களை வென்று, நான்காவதாக அமெரிக்கப் பட்டத்தையும் நாடி நின்றார். அப்போது சீட்டாட்டச் சொல்லொன்றைக் கீரன் அந்நான்கு வெற்றிகளுக்கும் பொருத்தி எழுதினார். கிராஃபர்டு இறுதியாட்டத்தில் தோற்றார். ஆயினும் சொல் நிலைத்துவிட்டது.

நண்பருக்கு எழுதிய வரிகள்

பேஸ்பால் வீரர் லூ கெரிக் அவருடைய நெருங்கிய நண்பர். 1925 முதல் 1939 வரை ஓராட்டமும் தவறாது தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடியவர் அவ்வீரர். இரும்பு மனிதர் எனப்பட்ட அவரை, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நரம்பு நோயொன்று பற்றியது. 1939 ஜூலை 4-ஆம் நாள் நியூயார்க் ஆட்டக்களத்தில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தனர். உடன் ஆடிய வீரர்கள் அவருக்கு வெள்ளிக் கிண்ணமொன்று அளிக்க விரும்பினர். உள்ளத்தில் அன்பு நிறைந்திருந்தது. அதைச் சொல்லும் வகை அவர்களுக்குத் தெரியவில்லை. கீரனை அணுகினர். அவர் எழுதிக் கொடுத்த பாடலே அக்கிண்ணத்தில் பொறிக்கப்பட்டது. ஈராண்டுக்குள், 1941 ஜூன் 2-ஆம் நாள், கெரிக் மறைந்தார். பேசத் தெரியாதவர்களின் அன்புக்கு மொழி கொடுப்பதைவிட எழுத்தாளனுக்கு வேறு என்ன பேறு வேண்டும்?

வானொலி அழைத்தது

இதற்கு ஓராண்டு முன்னரே கீரனின் வாழ்வு புதிய திசையில் திரும்பியிருந்தது. அந்நாளைய வினா விடை நிகழ்ச்சிகளில் அறிந்தோர் வினவுவர், பொதுமக்கள் விழிப்பர். டான் கோலன்பால் என்னும் வானொலித் தயாரிப்பாளர் இதைத் தலைகீழாக மாற்றினார். பொதுமக்கள் அஞ்சலில் வினா அனுப்பட்டும். அறிஞர்கள் விழிக்கட்டும் என்றார். இவ்வாறு 1938 மே 17-ஆம் நாள் பிறந்ததே ‘இன்ஃபர்மேஷன் பிளீஸ்’ என்னும் நிகழ்ச்சி. நூல் திறனாய்வாளர் கிளிஃப்டன் ஃபாடிமன் வினாக்களைத் தொடுத்தார். இதழாளர் ஃபிராங்க்ளின் ஆடம்சும் கீரனும் நிலையான உறுப்பினர்கள். பியானோ கலைஞர் ஆஸ்கார் லெவன்ட் அடிக்கடி பங்கேற்றார். சிறப்பு விருந்தினரும் வருவதுண்டு.

வினாக்களை அவர்களுக்கு முன்கூட்டிக் காட்டுவதில்லை, ஒத்திகையும் இல்லை. எடுத்துக்கொள்ளப்பட்ட வினாவுக்குத் தொடக்கத்தில் இரண்டு டாலர் பரிசு. அறிஞர் குழு விடை தெரியாமல் தோற்றால் கடைக் கல்லாப்பெட்டியின் மணியோசை ஒலிக்கும். வினா அனுப்பியவருக்குக் கூடுதல் பணம் சேரும். பிற்காலத்தில் கலைக்களஞ்சியத் தொகுதியும் பரிசாயிற்று.

விளையாட்டு எழுத்தாளர் விளையாட்டு வினாக்களுக்கு மட்டுமே விடையளிப்பார் என்று எண்ணியோர் வியந்தனர். ஷேக்ஸ்பியர் நாடகமா, இலத்தீன் சொல்லா, பறவையின் பெயரா, பழங்கவிதையா, எதற்கும் விடை வந்தது; அதுவும் நியூயார்க் தெருப்பேச்சின் சாயல் மாறாத குரலில்! இவ்வறிவை அவர் எந்தப் பரிசையும் எண்ணிச் சேர்த்தாரல்லர். நாற்பத்தைந்து வயதுவரை, படிப்பதில் உள்ள இன்பத்துக்காகவே படித்து வந்தார். எவரும் கேட்க வேண்டுமென்று சேர்க்காத செல்வம், ஒருநாள் பல இலட்சம் இல்லங்களுக்குப் பொதுவுடைமையாயிற்று.

இன்னொன்றையும் நாம் கருத வேண்டும். அந்நிகழ்ச்சியில் மக்கள் மிகவும் சுவைத்தது அறிஞர்களின் வெற்றியை மட்டுமன்று. அவர்கள் விழித்து நின்ற வேளைகளையும்தாம். நாடே கேட்டிருக்க, “தெரியவில்லை” என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் மனம் கற்றவர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை. இரண்டாம் உலகப்போரின்போது இக்குழுவினர் ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்தினர்; போர்க்கடன் பத்திரம் வாங்கியோர்க்கே அங்கு இடம்.

1943-இல் ‘டைம்ஸ்’ இதழைவிட்டு நீங்கிய கீரன், வேறோர் இதழில் சிறிது காலம் எழுதினார். பின்னர் தொலைக்காட்சியிலும் தோன்றினார். நிகழ்ச்சியின் பெயர் தாங்கிய ஆண்டுத் தகவல் நூலுக்கும் ஆசிரியரானார். நெடுநாள் வானிலும் மரத்திலும் பதித்த கண்ணின் பயனாக, நியூயார்க் நகரின் இயற்கை வரலாற்றை 1959-இல் நூலாக்கினார். கல்லும் இரும்பும் நிறைந்த அம்மாநகரில் வாழும் பறவை, விலங்கு, செடி, கொடிகளைக் கூறும் அந்நூலுக்கு 1960-இல் ஜான் பர்ரோஸ் பதக்கம் கிடைத்தது. 1973-ஆம் ஆண்டுக்குரிய பேஸ்பால் எழுத்தாளர் விருதும் அவரைச் சேர்ந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடலோரச் சிற்றூரான ராக்போர்ட்டில், 1981 டிசம்பர் 10-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில் கண்மூடினார்.

பெற்றோரே! மகன் ஆட்டக்களத்தை விரும்பினால் அறிவை வெறுக்கிறான் என்று பொருளல்ல. அவன் விரும்பும் விளையாட்டைப் பற்றியே ஒரு நூல் வாங்கிக் கொடுங்கள்; அது அடுத்த நூலுக்கு வழி காட்டும். இரவு உணவுக்குப் பின், பிள்ளைகள் வினவ, பெரியோர் விடை தேடும் வழக்கத்தை வீட்டில் தொடங்கிப் பாருங்கள். விடை தெரியாதபோது, “தெரியவில்லை, வா, சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லத் தயங்க வேண்டா. அச்சொல்லால் தந்தையின் மதிப்புக் குறைந்துவிடாது. பிள்ளையின் அறிவு வேட்கையோ வளரும்.