உப்புக்காற்றில் இரும்பு: தீந்தை எங்கே தோற்கிறது?

கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த யாழ். குடாநாட்டில் இரும்பைக் காப்பது உப்போடு நடத்தும் ஓயாத போராட்டமாகும். வீட்டுப் படலை, நீர்த்தாங்கியின் தாங்கிகள், பாடசாலைக் கூரைச் சட்டங்கள், இறங்குதுறைத் தூண்கள் என எதற்குத் தீந்தை பூசினாலும், ஓரிரு மாரி கழிவதற்குள் கறள் மேலெழுந்து விடுவதைப் பலரும் கண்டிருப்பர். பழி தீந்தையின் மீதே சுமத்தப்படுகின்றது. ஆனால், தோல்விக்கான காரணம் பெரும்பாலும் தீந்தைத் தகரம் திறக்கப்படுவதற்கு முன்னரே உருவாகி விடுகின்றது.

இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேருமிடத்தில் கறள் பிறக்கின்றது. கடற்காற்றிலுள்ள குளோரைட்டு உப்பு அதனைப் பன்மடங்கு விரைவுபடுத்துகின்றது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால், மழையில்லாத நாளிலும் இரும்பின் மேற்பரப்பு நனைந்தே இருக்கின்றது. உருவாகும் கறள், அழிந்த இரும்பை விடக் கூடிய இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலேயுள்ள பூச்சை நெம்பித் தள்ளுகின்றது. சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 12944, உப்பு மிகுந்த கரையோரங்களைச் சி5 என வகைப்படுத்துகின்றது. அத்தகைய இடத்தில் காப்பற்ற இரும்பு முதல் ஆண்டிலேயே 80 முதல் 200 மைக்குரோன் வரை தேயக்கூடும்.

முற்காலத்தில் அடிப்பூச்சாகச் செவ்வீயமும் குரோமேற்றும் பயன்பட்டன. அவை இரும்பை நன்கு காத்தன. ஆயினும் ஈயம் சிறுவரின் மூளையைப் பாதிப்பதும், குரோமேற்று புற்றுநோயை ஏற்படுத்துவதும் உறுதியானதால் உலகெங்கும் அவை கைவிடப்பட்டு வருகின்றன. இலங்கையிலும் 2013 முதல் தீந்தையிலுள்ள ஈயத்தின் அளவு சட்டத்தால் மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அவற்றின் இடத்துக்கு வந்தவற்றுள் நாகப் பொசுபேற்று முக்கியமானது. பூச்சினுள் கசியும் ஈரத்தில் அது சிறிது சிறிதாகக் கரைந்து, இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றது. நாகத்தூள் செறிந்த அடிப்பூச்சோ இரும்புக்குப் பதிலாகத் தானே அரிபட்டு இரும்பைக் காக்கின்றது. ஆனால், நாகம் தூய இரும்பை நேரடியாகத் தொட்டு நிற்க வேண்டும். இடையே கறள் இருந்தால் அதன் பயன் அற்றுப் போகின்றது.

அடிப்பூச்சின்றி இரும்பின் மீது நேரடியாகவே பூசத்தக்க தீந்தைகள் இன்று விற்பனையாகின்றன. உள்நாட்டு உலர்காற்றில், நன்கு துப்புரவாக்கிய இரும்புக்கு அவை போதுமாக இருக்கலாம். கடலோரத்துக்கு ஒற்றைப் பூச்சு போதாது. நீண்ட காலம் நிலைக்க, அடி, இடை, மேல் என மூன்று பூச்சுகளாக ஏறத்தாழ 300 மைக்குரோன் தடிப்புத் தேவைப்படுகின்றது. கூரான விளிம்புகள், ஒட்டுவேலைத் தழும்புகள், ஆணித் தலைகள் ஆகியவற்றில் பூச்சு மெலிந்து விடுவதால், அவ்விடங்களுக்கு முதலில் தூரிகையால் தனியே ஒரு தடவை பூசுதல் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முற்பட்டது மேற்பரப்பைத் தயார் செய்தலாகும். கம்பித் தூரிகையால் கறளைத் தேய்த்த பின்னரும் கண்ணுக்குத் தெரியாத உப்பு எஞ்சி நிற்கும். அதன் மீது தீந்தை பூசினால், உப்பு பூச்சினூடாக நீரை இழுத்துக் கொப்புளமாக்கும். ஆகவே இரும்பைக் கழுவிக் காயவிட வேண்டும். இங்கேதான் குடாநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று உள்ளது. பல கிணறுகளின் நீர் உவர்நீராகும். உவர்நீரால் கழுவுவது உப்பை மீண்டும் பூசுவதற்கு ஒப்பாகும். நன்னீரே பயன்படுத்தப்பட வேண்டும். பனி உலராத காலையிலும், காற்றின் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டும் வேளையிலும் பூசுதல் ஆகாது.

பாக்கு நீரிணையின் மறுகரையிலுள்ள பாம்பன் பாலம் இதற்குச் சிறந்த பாடமாகும். 1914 இல் திறக்கப்பட்ட பழைய பாலம், இடைவிடாத பராமரிப்பினால் ஒரு நூற்றாண்டைக் கடந்து நின்றது. ஆயினும் தூக்குப்பகுதி பழுதடைந்ததால் 2022 டிசம்பரில் அதில் புகையிரத சேவை நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குப் பொலிசிலொக்சேன் பூச்சு இடப்பட்டது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அருகேயுள்ள மண்டபத்தில் உலோகங்களையும் பூச்சுகளையும் கடற்காற்றில் வைத்துச் சோதித்த அனுபவமுடையது.

நமக்கும் இது அவசர விடயமாகும். 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் மீண்டும் வந்தடைந்தது. போருக்குப் பின் எழுந்த இத்தகைய பொதுக் கட்டுமானங்கள் பத்தாண்டுகளைக் கடந்து, மறுபூச்சுக்குரிய வயதை அடைந்துள்ளன. கேள்விப் பத்திரங்களில் தீந்தையின் பெயரும் நிறமும் மட்டும் குறிப்பிடப்பட்டால் போதாது. துப்புரவாக்கும் தரம், எஞ்சிய உப்பின் அளவு, பூச்சின் தடிப்பு ஆகியனவும் நிபந்தனைகளாக்கப்பட்டு, பணம் வழங்குமுன் அளந்து பார்க்கப்பட வேண்டும். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் காங்கேசன்துறையிலும் பண்ணையிலும் பருத்தித்துறையிலும் பூச்சிட்ட இரும்புத் தகடுகளைக் காற்றில் வைத்துச் சில ஆண்டுகள் அவதானித்தால், எந்தப் பூச்சு இம்மண்ணுக்கு ஏற்றது என்பது தெளிவாகும். அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை; பொறுமையே வேண்டும்.

கறளை மறைப்பது எளிது. கறளைத் தடுப்பதற்கே பொதுப்பணம் செலவிடப்பட வேண்டும்.