கடலோரக் கூத்தர்கள் – 9: அண்ணாவியாரின் சாரீரம்

சென்ற வாரம் மன்னார்ப் பகுதியின் மாதோட்டத்து நாடக ஏடுகளைப் பற்றிப் பேசினோம்; அந்த ஏடுகளிலே எழுதப்படாத பாதியைத் தம் தொண்டையிலே சுமந்து திரிந்த, கூத்துப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாரைப் பற்றி இவ்வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அருவியாறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து, போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைக்கொண்ட சிறு கோட்டையும், ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்கென்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுப்பி இப்போது அலைவாய்ப்பட்டு இடிந்து கிடக்கும் மாளிகையும் உடைய அரிப்பை, சரித்திரக்காரர்கள் முத்துச் சலாபத்துக்காகவும், கண்டி இராச்சியத்திலே ஏறக்குறைய 20 ஆண்டுகள் கைதியாயிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் 1679இல் வந்தடைந்த இடம் என்பதற்காகவுமே நினைவுகூர்வார்கள். சலாபம் 1925க்குப் பிறகு முன்போல் நடைபெறவில்லை. ஆனால், கோவில் பெருநாளையும் நேர்த்திக்கடனையும் முன்னிட்டு விடிய விடியப் பாடி ஆடப்பட்ட கூத்து, மாதோட்டத்துக் கத்தோலிக்க ஊர்களிலே முத்தைக் காட்டிலும் நீடித்த செல்வமாய் இருந்து வந்திருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1863இல் பாரிஸ் நகரத்திலே, 24 வயதேயான பிஸே என்ற சங்கீத வித்துவான் ‘முத்துக்குளிப்போர்’ என்றொரு இசை நாடகத்தை அரங்கேற்றினார். முதலில் மெக்சிகோவில் நடப்பதாக எண்ணியிருந்த அக்கதை பின்னர் இலங்கைக் கரைக்கு இடம் மாற்றப்பட்டதென்றால், நம் கடலைப் பற்றி அவர்களுக்கிருந்த ஞானம் எவ்வளவென்று ஊகித்துக்கொள்ளலாம். இதைப் பார்த்து நாம் சிரிப்பதற்கும் நியாயமில்லை. ஏனெனில், ஐரோப்பாவைக் கனவிலும் கண்டறியாத மாதோட்டத்து மக்கள், ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ என்னும் நாடகத்திலே ஒரு மேனாட்டுச் சக்கரவர்த்தியைக் கொலுவில் இருத்தி, கட்டியகாரன் முன்வந்து கட்டியம் கூற, விருத்தமும் தருவும் பாட வைத்திருக்கிறார்கள். பாரிஸ் நாடகத்துப் பாடகருக்கு முன்னால் இசைக்குறியீடு எழுதிய தாள் இருந்தது. மாதோட்டத்துச் சக்கரவர்த்திக்கு அண்ணாவியாரின் வாய் ஒன்றே இருந்தது.

அண்ணாவியாராவது ஒரு நாளில் நடப்பதன்று. மேடையிலே பெண்கள் ஏறாத காலத்தில், குரல் உடையாத சிறுவனாய் இராசகுமாரத்தி வேடம் பூண்டு, பின்னர்க் குரல் தடித்ததும் மந்திரியாகவும் இராசாவாகவும் வந்து, அதன் பிறகு பக்கப்பாட்டுக்காரராய் நின்று ஏனையோரின் பாட்டையெல்லாம் தம்முடையதாக்கிக்கொண்டு, கடைசியில் கையிலே தாளத்தை ஏந்தும் ஒருவர், தம் ஆயுளின் ஒவ்வொரு பருவத்துக் குரலாலும் நாடகத்தின் ஒவ்வொரு பகுதியைப் பாடி அறிந்தவராகிறார். மாதோட்டப் பாங்காயினும் யாழ்ப்பாணப் பாங்காயினும், இரண்டு மூன்று இரவுகள் நீளும் நாடகமாயினும் ஓரிரவிலே முடிந்துவிடும் வாசாப்பாயினும், மெட்டும் நடையும் அவர் நினைவிலே தனித்தனியே நிற்கும்.

அவர் கற்பிக்கும் முறை விசித்திரமானது. ஆட்களைக் கூட்டி வைத்துப் பாடச் சொல்லிக் கேட்பார். அரசனுக்குரிய தோற்றம் உடையவனுக்கு உச்சத்திலே நின்று விருத்தம் பாடும் வல்லமை இல்லையேல், தோற்றத்தைத் தள்ளிவிட்டுச் சாரீரத்தையே எடுத்துக்கொள்வார். மட்டக்களப்பிலே ஆட்டத்துக்குள்ள முதன்மை மன்னார்க் கூத்திலே பாட்டுக்கு உண்டாதலால் இந்தத் தெரிவு தவறினால் கூத்தே தவறிவிடும். அதன்பின் அவரவர் பாட்டை எழுதிய கொப்பியைக் கொடுப்பார். எழுத்தறியாதவனுக்கு அடியடியாய்ச் சொல்லிக் கொடுப்பார். பகலெல்லாம் வலை இழுத்து, உப்புக்காற்றிலே தொண்டை கரகரத்து வரும் மனிதனுக்கு, இரவிலே ஒலிபெருக்கியின் உதவியின்றிக் கடலோசைக்கும் மேலே கேட்குமாறு பாடப் பயிற்றுவது சாமானியமன்று. ஒருவனுக்குச் சுருதி எட்டாவிட்டால் அவனை வையாமல், அவனுக்கு இயன்ற இடத்திலே பாட்டைத் தொடங்கித் தாளத்தை அதற்கேற்ப நடத்துவதும், மூச்சு முட்டும் அடியைப் பக்கப்பாட்டுக்காரரிடம் ஒப்படைப்பதும் அவர் கையாளும் உபாயங்கள். வேடமின்றி ஆடிப் பார்க்கும் வெள்ளுடுப்பு இரவிலேதான் இந்தக் கணக்கெல்லாம் சரியா பிழையா என்பது தெரியவரும்.

கடலுக்கு அக்கரையிலே, தூத்துக்குடிச் சீமையிற் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளும் வேடதாரியாயிருந்து பிரசித்தி பெற்று, பின்னர் அதைத் துறந்து வாத்தியாரானவர். 1918இல் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைக் கண்டு, சிறுவர்களைத் தம்மோடு வைத்துப் பயிற்றி, 1922இல் காலமானார். அவருடைய மாணாக்கரின் கீர்த்தி தமிழகமெங்கும் பரவியது. அண்ணாவியாரின் மாணாக்கரோ மங்களம் பாடி முடித்த மறுநாள் வள்ளத்திலே ஏறித் தொழிலுக்குப் போய்விடுவார்கள். முதிர்ந்து இறுகிப்போன குரல்களோடு, நாடகமே ஜீவனோபாயமல்லாத மனிதரிடையே, இத்தனை இராகங்களையும் நிலைநிறுத்திய அண்ணாவியாரின் வித்தையே இரண்டிலும் கடினமானதென்பது என் துணிபு. மதுரை வாத்தியாருக்குக் கிடைத்த நூல்களும் சிலைகளும் அவருக்குக் கிடைக்காதது வேறு விஷயம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ நாடகத்தை 1964இலும், ‘மூவிராசாக்கள்’ நாடகத்தை 1966இலும், ‘ஞானசவுந்தரி’ நாடகத்தை 1967இலும் பதிப்பித்து வெளியிட்ட பேருபகாரத்தினால் பாடல்கள் அழியாமல் தப்பின. மெட்டோ அச்சில் ஏறவில்லை. அச்சுப் பிரதியைக் கையிலே வைத்துக்கொண்டு கூத்துப் பழக முயல்கிறவன், ‘தரு’ என்ற தலைப்பின் கீழே வரிகளைக் காண்பானேயன்றி, அவ்வரியை எந்த இடத்தில் நீட்டுவது, எங்கே மடக்குவது என்பதைக் காணமாட்டான். பின்வந்த யுத்தத்திலே இக்கரையூர்கள் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தபோது, கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கும் இதே சங்கடம் நேர்ந்தது. பிற்பாட்டுக்காரர் ஓர் அகதி முகாமிலும் மத்தளகாரர் வேறோர் ஊரிலுமாய்ச் சிதறினால், அண்ணாவியார் ஒருவராய் இருந்து எதைப் பழக்குவது?

இவ்வண்ணம் சிதறியதைத் திரட்டும் முயற்சிகளில், முருங்கனிலே குழந்தை செபமாலை முத்தமிழ்க் கலாமன்றத்தின் வாயிலாகச் செய்த பணியை அடுத்த வாரம் பார்ப்போம்.