எடையின் வரவு செலவு

பூமி நம்மை இழுக்கும் விசை வரவு. நம்மை வட்டப்பாதையில் வளைத்துக்கொண்டே இருக்கத் தேவையான மையநோக்கு விசை செலவு. எடைக்கருவி காட்டும் தோற்ற எடை, வரவில் செலவு போக நிற்கும் மிச்சம். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரை மூன்று இடங்களில் நிறுத்திக் கணக்குப் பார்ப்போம்.

வட துருவம்
வரவு: 589.93 நியூட்டன்
செலவு: 0
மிச்சம்: 589.93

நிலநடுக்கோடு, கடல் மட்டம்
வரவு: 588.85
செலவு: 2.03
மிச்சம்: 586.82

துருவத்தில் நிற்பவர் நின்ற இடத்திலேயே சுழல்கிறார், செலவே இல்லை. நிலநடுக்கோட்டில் நிற்பவரோ 6,378 கி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் நொடிக்கு 465 மீட்டர் வேகத்தில் போகிறார். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் 0.0339, அதை 60-ஆல் பெருக்கினால் 2.03 நியூட்டன்.

மொத்த வித்தியாசம் 3.11 நியூட்டன், அதாவது சுமார் 317 கிராம். இதில் 207 கிராம் சுழற்சிக்குப் போனது. மீதி 110 கிராம் பூமியின் வடிவத்தால் வந்தது: துருவம் பூமியின் மையத்துக்கு 21 கி.மீ. நெருக்கம்.

துருவத்தில் சரிபார்த்த சுருள்வில் தராசு, நிலநடுக்கோட்டில் ஒரு கிலோ தங்கத்தைச் சுமார் 5 கிராம் குறைத்துக் காட்டும். இருதட்டுத் தராசில் இந்தக் குறை தெரியாது. தங்கத்துக்குக் குறைவது எடைக்கல்லுக்கும் குறைகிறது.

இந்த வித்தியாசத்தை முதலில் காட்டிக்கொடுத்தது கடிகாரம். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனில் தங்கியிருந்தபோது, பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நொடி ஊசலை ஏறத்தாழ 2.8 மி.மீ. குறைக்க வேண்டியிருந்தது. பூமி துருவங்களில் தட்டையானது என்ற வாதத்துக்கு நியூட்டன் 1687-இல் இந்த அளவீட்டையும் சான்றாக எடுத்துக்கொண்டார்.

பன்னாட்டு விண்வெளி நிலையம், 400 கி.மீ. உயரம்
வரவு: 521
செலவு: 521
மிச்சம்: 0

விண்வெளியில் ஈர்ப்பே இல்லை என்று நம்பும் பிள்ளைகள் இந்த வரவைப் பார்க்க வேண்டும். தரையில் இருப்பதில் சுமார் 88 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. நொடிக்கு 7.67 கி.மீ. வேகத்தில் சுற்றுவதற்கே அத்தனையும் செலவாகிவிடுகிறது.

தரையிலும் இதே நிலை வரலாம். பூமி இப்போதைவிட 17 மடங்கு விரைவாக, ஏறத்தாழ 84 நிமிடத்துக்கு ஒருமுறை சுழன்றால், செலவு 17-இன் வர்க்கமான 289 மடங்காகும். 2.03-ஐ 289-ஆல் பெருக்கினால் 587 நியூட்டன் வரும். நிலநடுக்கோட்டில் நிற்பவரின் எடைக்கருவி அப்போது ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். ஈர்ப்பு துளியும் குறைந்திருக்காது.